நேற்றுவரை ஒரே சாக்கில் படுத்த பூனைகள் இன்று அடிபட்டால் என்ன செய்வது

இந்த நிமிடம் உங்கள் பூனைகள் கட்டிப்புரண்டுகொண்டிருந்தால் மற்றதையெல்லாம் அப்புறம் வாசிக்கலாம், முதலில் இதை மட்டும் செய்யுங்கள். இடையில் கையை விடாதீர்கள். காலாலும் தள்ளாதீர்கள். பெரிய காட்போட் மட்டை, தலையணை, கதிரை மெத்தை, எது கிட்ட இருக்கிறதோ அதை இரண்டுக்கும் நடுவில் இறக்குங்கள். ஒன்றையொன்று காணாமல் போகும் அந்தக் கணத்தில் ஒன்று விட்டுவிட்டு ஓடும், அது எந்த அறைக்குள் ஓடியதோ அந்தக் கதவை உடனே சாத்துங்கள். சட்டி மூடியை ஒருமுறை தட்டிச் சத்தம் எழுப்பலாம். ஆனால் நின்று கத்துவது, தும்புத்தடியால் அடிப்பது, வாளித் தண்ணீரை ஊற்றுவது எதுவும் வேண்டாம். அந்த அடியும் தண்ணீரும் எதிரே நிற்கிற பூனையால் வந்த வினை என்றுதான் அதன் மனதில் பதியும், அடுத்த முறை அதைக் கண்டாலே நடுங்கும் அல்லது பாயும்.

பிரித்தவுடன் தூக்கி அணைத்து ஆறுதல் சொல்லத்தான் மனம் போகும். செய்யாதீர்கள். வெறி இறங்காத பூனைக்கு உங்கள் கையும் ஒரு எதிரிதான். சில பூனைகளுக்கு அது அரை மணித்தியாலத்தில் இறங்கும், சிலவற்றுக்கு முழு நாள், இரண்டு நாள்கூட ஆகும். அறையை இருட்டாக்கி, தண்ணீரும் மலசலத்துக்கு மண் பேசினும் வைத்து, சும்மா விட்டுவிடுங்கள்.

உங்களைக் கடித்திருந்தால் அதையும் இப்போதே பார்க்க வேண்டும். பூனையின் பல் ஊசிபோல மெல்லியது, வெளியே சின்னப் பொட்டாகத்தான் தெரியும், ஆனால் காயம் உள்ளே ஆழமாக இருக்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்வதால் கிருமி உள்ளேயே தங்கிவிடும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கல்முனையிலோ அம்பாறையிலோ உங்களுக்குக் கிட்ட இருக்கிற அரச வைத்தியசாலைக்கோ போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே போடுவார்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிட வேண்டாம், விசர்நோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. பூனையின் தடுப்பூசி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.

தடுப்பூசி போடாத பூனை ஒன்று மற்றப் பூனையை மட்டுமல்லாமல் கண்டதையெல்லாம் கடிக்கப் பாய்ந்தால், குரல் மாறினால், வாயால் எச்சில் வடிந்தால், பின்னங்கால் தள்ளாடினால் இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. அறையை வெளியில் பூட்டிவிட்டு, தொடாமல், மிருக வைத்தியருக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

சரி, இனி ஆறுதலாகப் பேசலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் இருப்பது மட்டக்களப்பு, கல்லடியில். சாம்பலும் பொட்டும் ஒரு தாய்க்குட்டிகள், கண் திறந்த வயதிலிருந்து எங்களோடுதான் இருக்கின்றன. சாம்பல் கடுவன், பொட்டு பெட்டை, இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. நாலு வருடமாக ஒரே நெல்லுச் சாக்கின் மேல் ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துப் படுத்தவை. ஒரு வைகாசி மாதம், அம்மன் கோயில் சடங்கு நடந்துகொண்டிருந்த கிழமை, பின்னேரம் சாம்பல் யன்னலில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மதிலில் ஊர்க்கடுவன் ஒன்று வந்து நின்றது. சாம்பலின் முதுகு மயிர் சிலிர்த்து வால் புடைத்த நேரத்தில் கோயில் பக்கம் வெடி வெடித்தது. பொட்டு பயந்துபோய் அண்ணனிடம் ஓடியது. சாம்பல் திரும்பி அதன்மேல் விழுந்த வேகத்தை நான் அதுவரை கண்டதில்லை.

அன்றிரவு நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "விடு மகள், அதுகள் அடிபட்டுத் தானாத் தெளியும்" என்று அம்மா சொன்னார், எனக்கும் அவை ஒன்றுசேர்ந்து படுப்பதைக் காணாமல் நித்திரை வராது போலிருந்தது. ஒரே கோப்பையில் அவித்த கீரிமீன் வைத்து இரண்டையும் ஒரு அறைக்குள் விட்டேன். மீனைத் தொடவேயில்லை. இரண்டாவது சண்டையில் பொட்டின் தொடையில் பல் இறங்கியது, மூன்றாம் நாள் அது சீழ்க்கட்டாக வீங்கியது, வைத்தியரிடம் கொண்டுபோய்க் கீறிச் சுத்தம்செய்து கொண்டுவந்தோம். மருந்து மணத்தோடு வந்த தங்கையைச் சாம்பல் மோந்துபார்த்தது, அடையாளம் தெரியவில்லை, சீறியது. ஒரு நாளில் முடிந்திருக்கக்கூடியது ஆறு கிழமை எடுத்தது.

ஏன் இப்படி நடக்கிறது

பூனைகள் அடிபட்டால் எங்கள் ஆட்கள் உடனே "எதுக்குப் பொறாமை?" என்று கேட்பார்கள். பொறாமையில் நேற்றுவரை நக்கிவிட்ட தங்கையைக் கடிப்பதில்லை. திடீரென்று வந்த சண்டைக்குத் திடீரென்று மாறிய ஏதோ ஒன்று காரணமாக இருக்கும், அதைத் தேடிப்பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

அதிகமாகக் காண்பது எங்கள் வீட்டில் நடந்ததுதான். கோபம் ஒரு இடத்தில் வரும், அடி வேறொருவருக்கு விழும். வெளியே நிற்கிற கடுவனை யன்னல் கம்பிக்குள்ளால் பிடிக்க ஏலாது, வெடிச்சத்தத்தை எதிர்த்து அடிக்க ஏலாது, உடம்பு முழுக்க ஏறி நிற்கிற வெறி கிட்ட வந்தவர்மேல் இறங்கும். அப்போது பக்கத்தில் பூனை இருந்தால் பூனைக்கு, நீங்கள் இருந்தால் உங்களுக்கு. அதன்பிறகு "அவளைக் கண்டால் எனக்குப் பயம் வந்தது" என்கிற நினைவு மட்டும் இரண்டின் மனதிலும் நிற்கும், ஊர்க்கடுவன் போய் நாளாகியிருக்கும்.

எங்கள் பக்கம் இதற்குக் காரணங்கள் நிறைய. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு கதவு படாரென்று அடித்தாலே போதும். மாரி தொடங்கினால் வளவில் திரிகிற பூனையெல்லாம் எங்கள் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கும், உள்ளே இருப்பவை நாள்முழுக்க அதன் மணத்தை மோந்துகொண்டு வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடக்கும். காலையில் மீன்காரர் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடித்தால் ஒழுங்கையில் உள்ள அத்தனை பூனையும் உங்கள் கேற்றடிக்கு வந்துவிடும். நீங்கள் வாங்கிய சூடைமீனை வாசலிலேயே துப்புரவாக்கிச் செதிலையும் குடலையும் அங்கேயே போடுகிற பழக்கம் இருந்தால், சண்டைக்கு ஆள் கூப்பிடுவது நீங்கள்தான்.

அடுத்தது மணம். பூனைக்கு வீட்டு ஆள் யார், அந்நியர் யார் என்பது முகத்தை வைத்தல்ல, மணத்தை வைத்துத்தான் தெரியும். கன்னத்தையும் விலாவையும் ஒன்றோடொன்று உரசி, வீடு முழுவதற்கும் ஒரு பொதுமணத்தைப் பூசி வைத்திருக்கும். வைத்தியரிடம் போய்வந்தாலோ, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினாலோ, இரண்டு நாள் காணாமல் போய்த் திரும்பினாலோ அந்த மணம் அழிந்துவிடும்.

மூன்றாவது வலி. இதை ஆட்கள் யோசிப்பதேயில்லை. பல்லில் சீழ், மூட்டு வலி, காதுக்குள் புண், வெளியே தெரியாத பழைய கடிகாயம், இவை இருக்கிற பூனையை மற்றது பழக்கத்தில் உரசினால் அது கடிக்கும். வயதான பூனை நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போய், இரவில் கத்தித்திரிந்து, எடுத்ததற்கெல்லாம் சீறினால் தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலைசெய்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும்.

கருத்தடை செய்யாதவை அடிபடுவதில் மர்மமே இல்லை. கடுவன் குட்டி ஆறு மாதமளவில் கடுவனாகிவிடும், பெட்டை அதற்கும் முன்பே சூலுக்கு வரக்கூடும். கடுவனுக்குச் சத்திரசிகிச்சை செய்தாலும் சுரப்பு இறங்க சில கிழமைகள் ஆகும், அடுத்த நாளே சாதுவாகவில்லை என்று வைத்தியரைக் குறைசொல்ல வேண்டாம். குட்டி ஈன்ற பெட்டை நேற்றுவரை பழகிய பூனையையும் கிட்ட விடாது, அதைத் தனியறையில் விட்டுவிடுங்கள், குட்டிகள் ஓடித்திரியத் தொடங்கும்போது அதுவே தளரும். இன்னொன்று, குட்டியாக இருக்கும்போது எல்லாப் பூனையும் சிநேகம்தான். இரண்டு வயதிலிருந்து நாலு வயதுக்குள் முழுப் பூனையாகிறபோதுதான் எனக்கு என் இடம் வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும், அதுவரை ஒன்றாக இருந்தவை அப்போது முறைத்துக்கொள்வதை நிறைய வீடுகளில் கண்டிருக்கிறேன்.

விளையாட்டா சண்டையா என்று தெரியாமல் குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டில் சத்தம் குறைவு, நகம் உள்ளே இருக்கும், ஒருமுறை இது மேலே மறுமுறை அது மேலே. சண்டையில் காது பின்னால் ஒட்டிப்போகும், உறுமல் கேட்கும், மயிர் பறக்கும், ஒன்றே துரத்தும் மற்றதே ஓடும். சத்தமில்லாத சண்டையும் உண்டு. குசினி வாசலில் ஒரு பூனை சும்மா படுத்துக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும், மற்றது தண்ணீர் குடிக்கப் போக முடியாமல் அலுமாரிக்கு மேலே இருக்கும். பார்ப்பவருக்கு இரண்டும் அமைதியாக இருப்பதாகத் தோன்றும்.

முதலில் பிரிப்பது: எங்கள் வீடுகளில் இது லேசில்லை

இரண்டு பூனையையும் தனித்தனி அறையில் வையுங்கள் என்று சொல்வது சுலபம். எங்கள் வீடுகளில் பாதி அறைக்குக் கதவே இல்லை, திரைச்சீலைதான். ஓட்டு வீடாக இருந்தால் உட்சுவர் முகடுவரை போகாது, மேலே திறந்தே கிடக்கும். நான் பிரித்துவைத்த முதல் இரவு பொட்டை அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். இரவு ஒரு மணிக்குச் சாம்பல் அலுமாரியில் ஏறிச் சுவருக்கு மேலால் அந்தப் பக்கம் குதித்தது.

ஆகவே அறை தேர்வுசெய்யும்போது நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். சீலிங் அடித்த அறை அல்லது பிளாட் போட்ட அறை இருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் சுவரோரம் உள்ள அலுமாரி, மேசை, அடுக்கிய சாக்கு எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள திறப்பைக் கம்பிவலையால் அடையுங்கள். மீன்வலை வேண்டாம், கிடைக்கிறதே என்று கட்டிவிடுவோம், நகமும் கழுத்தும் சிக்கினால் பூனை செத்துவிடும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலை போதும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையில் கச்சான் மாதங்களில் பகலில் பூனையை அடைக்கவே கூடாது, வெந்துபோகும். குளியலறை ஈரம் என்றாலும் ஒரு நாளைக்குச் சமாளிக்கலாம், வாளித் தண்ணீரை மட்டும் மூடி வையுங்கள்.

ஒரே ஒரு பூட்டக்கூடிய அறைதான் உண்டென்றால் முறை வைத்து மாற்றுங்கள், காலையிலிருந்து பின்னேரம்வரை ஒன்று வெளியே, பிறகு மற்றது. ஒன்றைச் சின்னம்மா வீட்டில் கொஞ்ச நாள் விடலாமே என்று தோன்றும். கடைசி வழியாக மட்டும் வையுங்கள், அந்த வீட்டு மணத்தோடு திரும்பி வந்தால் புதுப் பூனை வந்த கதைதான்.

யாரை உள்ளே வைப்பது? அடித்தவனை அடைத்துத் தண்டிக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பூனைக்குத் தண்டனை விளங்காது. பயந்திருக்கிற பூனைக்குத்தான் நல்ல அறையைக் கொடுங்கள். உள்ளே தண்ணீர், சாப்பாடு, படுக்க ஒரு பழைய சாரம், ஒளிந்துகொள்ள கவிழ்த்த காட்போட் பெட்டி. மலசலத்துக்குப் பழைய பேசினில் கழுவிக் காயவைத்த கடல்மண் அல்லது மரக்காலையில் வாங்கிய மரத்தூள். சாப்பாட்டுக் கோப்பையையும் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், பூனைக்கு அது அருவருப்பு.

இரண்டாவது: உடம்பைப் பார்ப்பது

பிரித்த ஓரிரு நாளில், வெறி இறங்கியபின், இரண்டையும் வைத்தியருக்குக் காட்டுங்கள். அடிபட்டதை மட்டுமல்ல, அடித்ததையும். வலி அடித்ததற்கும் இருக்கலாம். பிரதேசங்களில் உள்ள அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்காகத்தான் ஓடித்திரியும், ஆனாலும் முதலில் போன் செய்து பூனை பார்ப்பார்களா, எந்த நேரம் வரலாம் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தனியார் மிருக வைத்தியர்.

கொண்டுபோவதற்கு உரப்பை வேண்டாம். வெயிலில் ஆட்டோவில் உரப்பைக்குள் பூனை மூச்சு முட்டிப்போகும். பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் நல்ல கூடு, மேலே ஒரு துவாயைப் போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை நான் எங்கே போனாலும் சொல்வேன். வலிக்கிறது என்று பனடோல் கொடுக்காதீர்கள். கால்வாசி அரைவாசி என்று உடைத்தும் வேண்டாம். மனிதருக்குப் பழகிய ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதன் ஈரலுக்கு அந்த மருந்தை உடைக்கத் தெரியாது. காயத்தில் டெட்டோலும் ஊற்றாதீர்கள், நக்கினால் அதுவும் நஞ்சுதான். கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரால் துடைத்தால் போதும். கடிபட்ட இடம் இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சூடாக இருந்தால், பூனை சாப்பிடாமல் சோர்ந்தால், உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, வீட்டில் அமத்திப் பார்க்க வேண்டாம்.

கடுவன் பூனை அடிக்கடி மண் பேசினுக்குப் போய்க் குந்தி முக்கி ஒரு சொட்டும் வராமல் கத்தினால் சிறுநீர் அடைத்திருக்கலாம். அது நாளைக்குப் பார்க்கிற விஷயமில்லை, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வீட்டுச் சண்டையின் பதற்றத்தாலும் இது வருவதுண்டு.

மூன்றாவது: மணத்தைச் சேர்த்துவைப்பது

இனிமேல்தான் பொறுமை வேண்டும். இரண்டும் தங்கள் தங்கள் பக்கத்தில் ஒழுங்காகத் தின்று, மண்ணுக்குப் போய், நீட்டிப் படுத்து நித்திரை கொள்ளத் தொடங்கும்வரை அடுத்த வேலையைத் தொடங்க வேண்டாம். எங்களுக்கு இரண்டாம் முறை இதற்கே ஐந்து நாள் போனது.

பிறகு பழைய பெனியன் துண்டு ஒன்றை எடுத்து ஒன்றின் கன்னத்திலும் நாடியிலும் மெல்லத் தடவி, மற்றதன் சாப்பாட்டுக் கோப்பைக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மோந்துவிட்டுத் தின்னப் போனால் நல்லது. சீறினால் துண்டை இன்னும் தள்ளி வைத்து, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவாருங்கள். அடுத்து படுக்கைச் சாரங்களை மாற்றிப்போடுங்கள். அதற்குப் பிறகு அறையையே மாற்றுங்கள், இது அந்த அறையிலும் அது வெளியிலுமாக ஒன்றையொன்று காணாமல் ஒன்றின் மணத்துக்குள் மற்றது நடக்கட்டும். சாம்பல் முதல் நாள் பொட்டின் பெட்டிக்குள் தலையை விட்டுப் பத்து நிமிடம் மோந்துகொண்டே நின்றது. மூன்றாம் நாள் அதற்குள் ஏறிப் படுத்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த நாட்களில் பூனைகளைக் குளிப்பாட்ட வேண்டாம், தரை துடைக்கிற தண்ணீருக்கு மணமான திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். வேலியோரம் குப்பைமேனி நிற்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர், வேரைப் பிடுங்கினால் பூனைகள் வந்து உருளும். மற்ற நாளில் நல்ல வேடிக்கை, ஆனால் சில பூனைக்கு அது வெறியையும் கிளப்பும், ஊர்ப்பூனையையும் வளவுக்குள் கூப்பிடும். இப்போது அதில் கைவைக்க வேண்டாம்.

நான்காவது: கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு

சாத்திய கதவின் இந்தப் பக்கம் ஒரு கோப்பை, அந்தப் பக்கம் ஒரு கோப்பை. தொடக்கத்தில் கதவிலிருந்து நாலைந்து முழம் தள்ளி வையுங்கள், தின்னத் தின்ன ஒவ்வொரு நாளும் கிட்டக் கொண்டுவாருங்கள். முழு நாளும் கோப்பையில் சோறு கிடந்தால் இது வேலை செய்யாது. காலையும் பின்னேரமும் நேரத்துக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், பூனை கொஞ்சம் பசியோடு வரவேண்டும். இந்த வேளைக்குத்தான் நல்லது கொடுங்கள். உப்பு போடாமல் அவித்து முள் எடுத்த நெத்தலியோ சூடையோ கீரியோ, எதற்கு உயிரைக் கொடுக்குமோ அது. கருவாடும் வெங்காயம் போட்ட ஆணமும் வேண்டாம், ஒன்றில் உப்பு, மற்றதில் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கிற வெங்காயம்.

கதவடியில் வைத்த கோப்பையில் இரண்டும் நிமிர்ந்து பார்க்காமல் தின்கிறதா? அப்படி மூன்று நாள் தொடர்ந்து நடந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

ஐந்தாவது: கண்ணுக்குத் தெரிவது

தம்பி இரண்டு மரச்சட்டம் அடித்துக் கோழிக்கம்பி வலை போட்டு, கதவுநிலைக்குப் பொருந்துகிற ஒரு தடுப்புச் செய்து தந்தான். மலிவாக முடிந்தது, இந்த ஆறு கிழமையில் எங்களுக்கு மிக உதவியது அதுதான். முதல் இரண்டு நாள் அதன்மேல் பழைய சேலையைத் தொங்கவிட்டு, அடியில் நாலு விரல் அகலம் மட்டும் திறந்துவிட்டோம், பாதம் தெரிகிற அளவுக்கு. பிறகு சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். பார்க்கிற நேரமெல்லாம் சாப்பாட்டு நேரம், சாப்பாடு முடிந்தால் சேலை இறங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இங்கே உங்கள் கண் பூனையின் கண்ணில் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினால், கண்ணை மெல்ல மூடித் திறந்தால், தன் பாதத்தை நக்கத் தொடங்கினால் நல்லது. ஒருமுறை சீறிவிட்டுத் தின்னத் தொடங்கினாலும் பயமில்லை, கிட்ட வராதே என்று சொல்வதற்குத்தான் சீறல், அது சண்டையைத் தடுக்கிற பேச்சு. உடம்பு விறைத்து, வெட்டாமல் முறைத்து, வால் நுனி தரையில் அடிக்கத் தொடங்கினால்தான் ஆபத்து. உடனே சேலையை இறக்குங்கள், அடுத்த நாள் முந்திய படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். திரும்பத் தொடங்குவதில் வெட்கமில்லை, நாங்கள் இரண்டுமுறை போனோம்.

ஆறாவது: ஒரே அறையில்

வீட்டில் ஆட்கள் குறைந்த, சத்தமில்லாத நேரமாகப் பாருங்கள். வெடியோ கல்யாண வீட்டுப் பாட்டோ கேட்கிற நாள் வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவருக்கு ஒரு பூனை. அறையின் இரண்டு மூலையில் கோப்பைகளை வைத்து, தின்றவுடன் பிரித்துவிடுங்கள். ஈர்க்கில் நுனியில் துணித்துண்டைக் கட்டி இரண்டையும் தனித்தனியே விளையாட விடலாம், ஒரே ஈர்க்கிலுக்கு இரண்டும் ஓடி மோதவிடக்கூடாது. கையெட்டும் தூரத்தில் தலையணையும் காட்போட் மட்டையும் இருக்கட்டும். ஒன்று வாசலை மறித்துவிடாமல் இரண்டுக்கும் ஓடிப்போக வழி இருக்கட்டும்.

நன்றாகப் போகிற நேரத்திலேயே நிறுத்துங்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டுப் பார்ப்போமே என்ற ஆசையில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து அரை மணியாகி, பிறகு பின்னேரம் முழுக்க என்று வளரட்டும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் இரவும் இன்னும் இரண்டு மூன்று கிழமைக்குப் பிரித்தே வையுங்கள்.

வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்

இரண்டு பூனைக்கு மூன்று மண் பேசின், ஒரே மூலையில் வரிசையாக அல்ல, மூன்று இடத்தில். இரண்டு பூனைக்கு இரண்டு இடத்தில் தண்ணீர். ஏறிப் படுக்க உயரமான இடங்கள் இரண்டு மூன்று, அலுமாரி மேல் ஒரு பழைய சாக்கு போட்டாலும் போதும். எங்கள் வீட்டில் இடமில்லை என்பவர்களுக்கு இதுதான் மருந்து, தரையில் இடம் இல்லாவிட்டாலும் உயரத்தில் இடம் இருக்கிறது.

சண்டை தொடங்கிய யன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். நாங்கள் காட்போட் ஒட்டினோம், காற்று மேற்பாதியால் வரும். மீனை வளவின் பின்பக்கம் கழுவி, கழிவைப் புதைத்துவிடுங்கள். ஊர்ப்பூனைக்குச் சாப்பாடு வைக்கிற நல்ல மனம் இருந்தால் வையுங்கள், நானும் வைக்கிறேன், ஆனால் யன்னலுக்குத் தெரியாத இடத்தில், ஒரு நேரத்துக்கு. முடிந்தால் அந்தக் கடுவனுக்கும் கருத்தடை செய்யுங்கள்.

இரண்டு மாதமாகியும் ஒரு படியிலேயே நின்றால், அல்லது ஒரு பூனை ஒளிந்தே கிடந்து மெலிந்தால், வைத்தியரிடம் பதற்றம் குறைக்கிற மருந்து பற்றிக் கேளுங்கள். பூனைகளுக்குக் கொடுக்கிற அப்படியான மருந்துகள் இருக்கின்றன, அளவு அவர் சொல்ல வேண்டும், வீட்டில் ஆச்சிக்கு எழுதிய நித்திரைக் குளிசையை எடுக்க வேண்டாம். எதுவும் சரிவராத சோடிகளும் உண்டு. அவற்றுக்கு நிரந்தரமாக முறைவைத்து வாழ்வதோ, ஒன்றுக்கு நம்பிக்கையான வேறு வீடு பார்ப்பதோதான் அன்பு. சந்தையடியில் கொண்டுபோய் விடுவது அன்பில்லை, வீட்டில் வளர்ந்தது அங்கே ஒரு மாரி தாங்காது.

சாம்பலும் பொட்டும் இப்போது ஒரே அறையில் தின்கின்றன, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. நெல்லுச் சாக்கு பொட்டுக்கு, டீவி மேசை சாம்பலுக்கு. இந்த வருடம் தடுப்பூசிக்குப் போனபோது இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆட்டோவில், தனித்தனிக் கூடையில் கொண்டுபோனோம், இரண்டுக்கும் ஒரே மருந்து மணம் வரட்டும் என்று. வந்தவுடன் திறந்துவிடாமல் ஆளுக்கொரு அறையில் இரவு விட்டு, காலையில் பெனியன் துண்டால் இரண்டின் கன்னத்தையும் மாறி மாறித் தடவிய பிறகுதான் கதவைத் திறந்தேன்.